தலைக்குள் ஒரு வரவு செலவு

1963ம் வருடம். ஸ்பெயினில் கோர்டோபா பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணை. சின்ன மைதானத்தில் ஒரு சண்டைக் காளை. எதிரே நிற்பவர் காளையோடு மோதிப் பழகியவர் இல்லை, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். பெயர் ஹோசே டெல்காடோ. ஒரு கையில் துணி, இன்னொரு கையில் ரேடியோ டிரான்ஸ்மிட்டர். காளை பாய்ந்து வருகிறது. மனுஷன் பட்டனை அழுத்துகிறார். கிட்டத்தில் வந்த காளை சடாரென்று நின்று, ஒரு பக்கமாகத் திரும்பிப் போய்விடுகிறது.

(அலங்காநல்லூரில் இப்படிச் செய்தால் ஆட்டத்திலேயே சேர்க்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.)

காளையின் மூளைக்குள் முன்கூட்டியே மின்முனைகள் செருகி, தலையில் ஒரு ரேடியோ ரிசீவரையும் பொருத்தியிருந்தார் டெல்காடோ. 1965 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் இதை முதல் பக்கத்தில் போட்டது. உலகம் வாயைப் பிளந்தது. ரிமோட்டை வைத்து மனிதர்களையும் இப்படி ஆட்டிவைப்பார்களோ என்ற பயமும் கூடவே கிளம்பியது. காளையின் கோபம் அணைந்ததா, இல்லை அதன் உடம்பு ஒரு பக்கமாக இழுக்கப்பட்டு அது குழம்பிப் போனதா என்று விஞ்ஞானிகள் அடித்துக்கொண்டார்கள். மின்சாரம் பாய்ந்த இடம் உடலசைவோடு சம்பந்தப்பட்ட பகுதி. அதனால் குழம்பிப் போனது என்ற கட்சிதான் சரி என்று தோன்றுகிறது.

டெல்காடோ தன் கருவிக்கு வைத்த பெயர் ஸ்டிமோசீவர். மூளைக்கு மின்தூண்டலும் கொடுக்கும், மூளையின் சிக்னலைக் கேட்டு வெளியேயும் அனுப்பும். காளையைவிட இவருடைய சிம்பன்சி பரிசோதனைதான் உண்மையில் பெரிய விஷயம். பேடி என்ற சிம்பன்சியின் மூளையில் அமிக்டலா என்ற பகுதியிலிருந்து வரும் ஒரு குறிப்பிட்ட அலையை ரேடியோ வழியாகக் கம்ப்யூட்டர் கேட்கும். அந்த அலை வந்தவுடன் மூளையின் இன்னொரு இடத்துக்குப் பிடிக்காத ஒரு தூண்டல் போகும். சில நாட்களில் அந்த அலை கிட்டத்தட்ட நின்றே போனது. கேட்பது, முடிவெடுப்பது, தூண்டுவது, மூன்றும் மனிதத் தலையீடு இல்லாமல்! அப்போது வருடம் 1970ஐக்கூடத் தாண்டவில்லை.

அப்படியென்றால் அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பட்டனை அழுத்தினால் காளை நிற்கும் காலத்திலிருந்து இன்றைக்கு எங்கேயோ போயிருக்க வேண்டாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் வழக்கமாக "மூளை ஒரு மர்மம்" என்று ஆரம்பிப்பார்கள். மர்மம்தான், சந்தேகமில்லை. ஆனால் பாதித் தாமதத்துக்குக் காரணம் அந்த மர்மம் இல்லை. கரண்டு. டெல்காடோவின் கருவியைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் பட்டனைப் பற்றியே எழுதினார்கள். பேட்டரி எத்தனை நாள் தாங்கியது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பேட்டரிக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பது இதயத்துக்காரர்களுக்கு முன்பே தெரியும். 1958 அக்டோபரில் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகத்திலேயே முதல் தடவையாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அது சில மணி நேரம்தான் ஓடியது. அடுத்ததை வைத்தார்கள். அப்புறம் இன்னொன்று. 2001ல் அவர் இறந்தபோது வயது 86. அதற்குள் மாற்றிய பேஸ்மேக்கர்கள் மொத்தம் 26! அவருக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டரும் கருவியைச் செய்த இன்ஜினியரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். நல்ல கதைதான். ஆனால் நெஞ்சைக் கிழித்துப் பெட்டி மாற்றுவதுபோல மண்டையை அடிக்கடி திறந்து மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

சரி, பேட்டரியே வேண்டாம், ஒயரை வெளியே இழுத்துவிடலாம் என்றால்? அப்படித்தான் செய்தார்கள். 2004ல் அமெரிக்காவில் மேத்யூ நேகிள் என்ற இளைஞர். கத்திக்குத்தில் கழுத்துத் தண்டுவடம் அறுந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர். அவர் மூளையின் மேல் 4 மில்லிமீட்டருக்கு 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு ஊசிப் படுக்கையை வைத்தார்கள். கிட்டத்தட்ட நூறு ஊசிகள், அதில் 96 கேட்கும். பிரெயின்கேட் என்ற அந்த ஆராய்ச்சியில் நேகிள் வெறும் நினைப்பால் திரையில் கர்சரை நகர்த்தினார், டிவியின் சேனல் மாற்றினார். 2006ல் நேச்சர் பத்திரிகையில் வந்தது. படங்களைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். உச்சந்தலையில் ஒரு உலோகக் குமிழ், அதில் செருகிய தடிமனான கேபிள், அது போய்ச் சேரும் ஒரு தள்ளுவண்டி நிறையக் கம்ப்யூட்டர்கள்.

அந்த கேபிளைச் செருக ஒரு ஆள் வர வேண்டும். அவர் போன பிறகு, ராத்திரி பதினோரு மணிக்கு, லைட்டை அணைக்க வேண்டும் என்றால்? யாரையாவது கூப்பிட வேண்டும். கை கால் விழுந்த ஒருவருக்கு எதிலிருந்து விடுதலை தரவேண்டும் என்று இதெல்லாம் ஆரம்பித்தார்களோ அதே இடத்தில் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. தோலைத் துளைத்து நிற்கும் அந்தக் குமிழைச் சுற்றிக் கிருமி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டிய தொல்லை தனி.

ஆகவே ஒயர் கூடாது. எல்லாமே உள்ளே இருக்க வேண்டும், சிக்னல் காற்றில் வர வேண்டும். இங்கேதான் பட்ஜெட் ஆரம்பிக்கிறது. காமர்ஸ் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்களுக்கும் இது புரியும், பயப்பட வேண்டாம்.

முதலில் மொத்த ஒதுக்கீடு எவ்வளவு என்று பார்ப்போம். எந்தச் சிப்பும் தின்னும் கரண்டு கடைசியில் சூடாகத்தான் மாறும். போன் சூடானால் மேஜையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மூளைமேல் உட்கார்ந்திருக்கும் சிப் சூடானால் எங்கே வைப்பது? சுற்றியுள்ள திசு 1 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகக் கூடாது என்பதுதான் பொறியாளர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கோடு. அதற்கு மேல் போனால் செல்களுக்கு ஆபத்து. இதன்படி கணக்குப் போட்டால் ஒரு சின்ன சிப்புக்குக் கிடைப்பது சில மில்லிவாட், மிஞ்சிப் போனால் சில பத்து மில்லிவாட். ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மில்லிவாட். (நம் மூளை முழுவதும் சேர்ந்து ஓடுவதே சுமார் 20 வாட்டில்தான். அதைக் கேட்க வருகிற விருந்தாளி எவ்வளவு அடக்கமாக இருக்க வேண்டும் பாருங்கள்.)

இனி செலவுகள். ஒரு நியூரான் சிக்னல் கொடுக்கும்போது பக்கத்தில் இருக்கும் ஊசிக்குக் கிடைப்பது சுமார் 100 மைக்ரோவோல்ட். ஒரு பென் டார்ச் செல்லின் ஒன்றரை வோல்ட்டைப் பதினைந்தாயிரம் பங்காக வெட்டினால் ஒரு பங்கு. அதுவும் ஆயிரத்தில் ஒரு வினாடி நேரம்தான் இருக்கும். இதைப் பெருக்க ஆம்ப்ளிஃபயர் வேண்டும். பிரச்சினை என்னவென்றால் ஆம்ப்ளிஃபயரே கொஞ்சம் இரைச்சல் போடும். இரைச்சலைக் குறைக்க வேண்டுமானால் அதிகக் கரண்டு கொடுக்க வேண்டும். எவ்வளவு அதிகம்? இரைச்சல் பாதியாக வேண்டுமென்றால் கரண்டு நாலு மடங்கு! இது எந்தக் கம்பெனியின் விலைப்பட்டியலும் இல்லை, இயற்கையே போட்ட விலை. பேரம் பேச முடியாது.

2003ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ரீட் ஹாரிசன் என்பவர் வெளியிட்ட ஒரு ஆம்ப்ளிஃபயர் இந்தத் துறையில் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்று. 2.2 மைக்ரோவோல்ட் இரைச்சல், 80 மைக்ரோவாட் செலவு. ரொம்பச் சிக்கனம்தான். ஆனால் நூறு ஊசிக்கு நூறு ஆம்ப்ளிஃபயர் வேண்டுமே. 80ஐ நூறால் பெருக்கினால் 8 மில்லிவாட். காது கொடுத்துக் கேட்பதற்கே ஒதுக்கீட்டில் பெரிய துண்டு போயிற்று. இன்னும் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறப்பதுதான் பெரும் செலவு. பிரெயின்கேட்டின் 96 ஊசிகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் வினாடிக்கு 20,000 தடவை அளந்து ஒவ்வொரு அளவையும் 12 பிட்டில் எழுதினால் வினாடிக்கு 2 கோடியே 30 லட்சம் பிட். நியூராலிங்க் கம்பெனியின் கருவியில் ஊசிக்குப் பதிலாக மெல்லிய இழைகள், மொத்தம் 1,024 மின்முனைகள். அதே 20,000 தடவை, 10 பிட் என்று வைத்தாலும் வினாடிக்கு 20 கோடி பிட்டைத் தாண்டும். குறைந்த கரண்டில் ஓடும் ப்ளூடூத்தின் அதிகபட்ச வேகமே வினாடிக்கு 20 லட்சம் பிட். நூறு லாரி சரக்குக்கு ஒரு மாட்டுவண்டி.

என்ன செய்வது? சரக்கைக் குறைக்க வேண்டும். அதாவது தலைக்குள் இருக்கும் சிப்பே எதை அனுப்பலாம், எதைத் தூக்கி எறியலாம் என்று முடிவெடுக்க வேண்டும். வழக்கமான வழி இது: அலை முழுவதையும் அனுப்பாதே, நியூரான் அடிக்கும்போது "இந்த ஊசியில், இந்த நேரத்தில், ஒரு அடி" என்று மட்டும் அனுப்பு. நியூராலிங்க் அப்படித்தான் ஆரம்பித்தது.

2024 ஜனவரியில் அந்தக் கருவியை முதலில் பொருத்திக்கொண்டவர் நோலண்ட் ஆர்பா. நீரில் நடந்த விபத்தில் கை கால் செயலிழந்தவர். மார்ச் மாதத்தில் நேரலையில் வந்து நினைப்பாலேயே செஸ் விளையாடிக் காட்டினார். அதை எல்லாரும் பார்த்தார்கள். அதைவிட அழகாக அவர் சொன்ன இன்னொன்று உண்டு. இரவெல்லாம் கண்விழித்து சிவிலைசேஷன் கேமை எட்டு மணி நேரம் விளையாடினாராம். நிறுத்தியதற்குக் காரணம் தூக்கமோ அம்மா திட்டோ இல்லை. தலைக்குள் இருக்கும் கருவிக்கு சார்ஜ் தீர்ந்துவிட்டது! ஹாஸ்டலில் நள்ளிரவில் லேப்டாப் சார்ஜர் தேடிய எவருக்கும் இந்த எரிச்சல் புரியும் :-)

ஆனால் நடுவில் ஒரு சோதனை. பொருத்திய சில வாரங்களில் இழைகளில் பல மூளையிலிருந்து பின்வாங்கி வெளியே வந்துவிட்டன. பெரும்பாலான மின்முனைகள் செத்துப்போன மாதிரி. ஆர்பாவின் கர்சர் தடுமாறியது. மறுபடி மண்டையைத் திறக்கவில்லை, சாஃப்ட்வேரை மாற்றினார்கள். ஒவ்வொரு நியூரானின் அடியையும் தனித்தனியாகத் தேடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு மின்முனையிலும் மொத்தமாக எவ்வளவு சத்தம் கேட்கிறது என்று அளந்தார்கள். கர்சர் முன்பைவிட வேகமாகவே ஓடியது.

இதைக் கேட்டுச் சிரித்திருக்கக்கூடியவர்கள் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் சிண்டி செஸ்டெக்கின் குழுவினர். கரண்டை மிச்சம் பிடிக்க என்றே 2020ல் அவர்கள் இதைப் போன்ற ஒன்றைச் செய்து காட்டியிருந்தார்கள். நியூரான் அடிகளைத் துல்லியமாகப் பிடிக்கப் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்க வேண்டும். அவர்கள் 300 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் கேட்டு, அதில் உள்ள மொத்த சத்தத்தின் பலத்தை மட்டும் எடுத்தார்கள். செலவு சுமார் 90 சதவீதம் குறைந்தது. அது சரி, தரம்? கையசைவைக் கணிப்பதில் துல்லியம் குறையவில்லை, கூடியது. சந்தைக்கு வெளியே நின்று கேட்டுப் பாருங்கள். யார் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு வார்த்தை விளங்காது. ஆனால் எந்த மூலையில் கூட்டம், எந்த மூலையில் காற்று வாங்குகிறது என்று தெரிந்துவிடும். கர்சரை நகர்த்த அது போதும்.

போதும் என்ற வார்த்தையில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. கர்சருக்குப் போதும். ஆராய்ச்சிக்குப் போதுமா? எறிந்துவிட்ட அலையில் நாளைக்கு யாருக்காவது வேண்டிய ஏதோ ஒன்று இருந்திருக்கலாம், அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் இன்னும் முழு அலையும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் உண்டு. பிரெயின்கேட் குழு 2021ல் அந்தப் பிடிவாதத்தோடு ஒரு வழி காட்டியது. கேபிளுக்குப் பதிலாகத் தலையில் உள்ள குமிழின் மேலேயே ஒரு சிறு டிரான்ஸ்மிட்டர், எடை நாற்பது கிராம் சொச்சம். பேட்டரியும் சூடும் மண்டைக்கு வெளியே. இரண்டு பேர் அதை வீட்டிலேயே பயன்படுத்தினார்கள், ஒயர் இருந்தபோது எப்படியோ அப்படியே வேலை செய்தது. ஒருவருக்கு 24 மணி நேரம் தொடர்ச்சியாக, தூங்கும்போதுகூட, பதிவு செய்தார்கள். குமிழ் மட்டும் போகவில்லை.

இதுவரை பார்த்தது கேட்பது. மூளைக்குக் கொடுப்பது வேறு கதை. கேட்பது மைக்ரோவோல்ட் கணக்கு என்றால் கொடுப்பது வோல்ட் கணக்கு.

1987ல் பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் அலிம் லூயி பெனாபிட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் நடுக்க நோயாளிகளின் மூளையில் ஒரு இடத்தை மின்சாரத்தால் சோதித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் நடுக்கத்தை நிறுத்த அந்தத் திசுவையே சுட்டு அழிப்பார்கள். அழிப்பதற்கு முன் சரியான இடம்தானா என்று பார்க்க மின்தூண்டல் கொடுப்பது வழக்கம். வினாடிக்கு நூறு துடிப்பு வாக்கில் கொடுத்தபோது நடுக்கம் நின்றுவிட்டது. அப்படியென்றால் எதற்குச் சுட வேண்டும், துடிப்பையே கொடுத்துக்கொண்டிருக்கலாமே! ஆழ்மூளைத் தூண்டல் இப்படித்தான் வந்தது. அமெரிக்காவில் 1997ல் நடுக்கத்துக்கும் 2002ல் பார்க்கின்சன் நோய்க்கும் அனுமதி கிடைத்தது.

பெட்டி நெஞ்சில் இருக்கும், ஒயர் கழுத்துத் தோலுக்கு அடியில் ஏறித் தலைக்குள் போகும். வழக்கமாக வினாடிக்கு 130 துடிப்பு. ஒரு நாளைக்குப் பெருக்கினால் 1 கோடியே 12 லட்சம். நோயாளி தூங்கினாலும் விழித்தாலும், நடுக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கொட்டிக்கொண்டே இருக்கும். சார்ஜ் ஏற்ற முடியாத பெட்டி என்றால் சில வருடங்களில் காலி. மறுபடி ஆபரேஷன் தியேட்டர். எழுபது வயதில் ஒருவருக்கு மயக்க மருந்து கொடுத்து பேட்டரி மாற்றுவது கடிகாரத்துக்கு செல் மாற்றுவது மாதிரி இல்லை.

2013ல் ஆக்ஸ்ஃபோர்டில் சைமன் லிட்டில், பீட்டர் பிரவுன் குழுவினர் எட்டு பார்க்கின்சன் நோயாளிகளிடம் ஒன்றைச் சோதித்தார்கள். பார்க்கின்சன் மூளையில் பீட்டா என்ற அலை, 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரை, அளவுக்கு மீறி எழும். அது எழும்போது மட்டும் தூண்டு, மற்ற நேரம் சும்மா இரு. தூண்டல் நேரம் 56 சதவீதம் குறைந்தது. பாதிக்கும் குறைவாகக் கொடுத்தால் பலனும் குறையும் என்றுதானே நினைப்போம்? அசைவு மதிப்பெண்ணில் முன்னேற்றம், விடாமல் கொடுத்ததைவிட இது சுமார் 27 சதவீதம் மேல். பேடி சிம்பன்சியிடம் டெல்காடோ செய்த அதே சுற்றுதான் இது, ரொம்பக் கண்ணியமான வடிவத்தில்.

கேட்டுக்கொண்டே கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்லியாக வேண்டும். கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போடும்போது பக்கத்தில் இருப்பவர் காதோடு சொல்லும் ரகசியம் கேட்குமா? தூண்டல் சில வோல்ட், கேட்க வேண்டியது சில மைக்ரோவோல்ட், வித்தியாசம் பத்து லட்சம் மடங்கு வாக்கில். ஒவ்வொரு துடிப்புக்கும் ஆம்ப்ளிஃபயர் கண் கூசி உட்கார்ந்துவிடும். பெர்க்லியில் ரிக்கி முல்லர் குழுவினர் வாண்ட் என்ற 128 மின்முனைக் கருவியில் அந்த வெடிச்சத்தத்தைச் சிப்புக்குள்ளேயே கழித்துவிட்டுக் குரங்கின் மூளையைக் கேட்டார்கள். எல்லாம் சேர்ந்து, நோயாளிகளுக்கான தானே சரிசெய்துகொள்ளும் ஆழ்மூளைத் தூண்டலுக்கு 2025 பிப்ரவரியில்தான் அமெரிக்காவில் அனுமதி வந்தது. 2013லிருந்து பன்னிரண்டு வருடம்!

வலிப்பு நோய்க்காரர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் கொஞ்சம் சீக்கிரம். 2013 நவம்பரிலேயே நியூரோபேஸ் கருவிக்கு அனுமதி. மண்டையோட்டில் பதிந்து கேட்டுக்கொண்டே இருக்கும், வலிப்பின் அறிகுறி தெரிந்தால் மட்டும் ஒரு சின்ன வெட்டு. ஒரு நாள் முழுவதும் சேர்த்தாலும் தூண்டல் நேரம் சராசரியாக ஆறு நிமிடத்துக்குள். பேட்டரி வருடக்கணக்கில் வருவதன் ரகசியம் அதுதான்.

இத்தனை சிக்கனத்துக்குப் பிறகு அடுத்த யோசனை தானாகவே வரும். உள்ளே பேட்டரியே இல்லாவிட்டால்? காதுக்குப் பின்னால் வட்டமாகக் காந்தம் ஒட்டிய குழந்தைகளைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் பெற்ற பிள்ளைகள் நிறையப் பேர். அதில் உள்ளே இருக்கும் பாகத்துக்கு பேட்டரி கிடையாது. வெளியே இருக்கும் காயில் தோல் வழியாகக் கரண்டும் கொடுக்கிறது, ஒலியும் கொடுக்கிறது. கழற்றினால் நிசப்தம். பெர்க்லியிலேயே 2016ல் நியூரல் டஸ்ட், அதாவது நரம்புத் தூசி என்று ஒன்று செய்தார்கள். 3 மில்லிமீட்டர் நீளம், அரிசி நொய் அளவு. எலியின் நரம்பில் வைத்து வெளியிலிருந்து அல்ட்ராசவுண்ட் அனுப்பினால் அந்த அதிர்விலேயே ஓடும். பதில் சொல்லவும் தனியாகக் கத்தாது, வந்த ஒலியின் எதிரொலியைக் கொஞ்சம் மாற்றித் திருப்பி அனுப்பும், கண்ணாடியை ஆட்டி வெயிலைத் திருப்புவது மாதிரி. பிரமாதமான யோசனை. என்ன, மண்டையோடு அல்ட்ராசவுண்டை நிறைய விழுங்கிவிடும்.

இங்கே கணக்குப் படிப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். உள்ளே செய்யாத செலவு ஒழிந்து போவதில்லை. பேரேட்டில் வேறு பக்கத்துக்குப் போகிறது. உள்ளே பேட்டரி இல்லையென்றால் வெளியே ஒரு பெட்டி வேண்டும். உள்ளே மூளைக் கணக்கு போடாவிட்டால் வெளியே ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். பெட்டிக்கு உதிரிபாகம் வேண்டும், சாஃப்ட்வேருக்கு அப்டேட் வேண்டும். இதையெல்லாம் தருவது யார்? ஒரு கம்பெனி. கம்பெனிக்கும் பேட்டரி உண்டு. அதன் பெயர் முதலீடு.

ஆர்கஸ் என்ற செயற்கை விழித்திரையைச் செய்த செகண்ட் சைட் கம்பெனி, பார்வையிழந்தவர்கள் 350 பேருக்கு மேல் அதைப் பொருத்தியது. கண்ணாடியில் கேமரா, இடுப்பில் ஒரு பெட்டி, கண்ணுக்குள் 60 மின்முனைகள். விலை ஒன்றரை லட்சம் டாலர் வாக்கில். நியூயார்க்கின் சுரங்க ரயில் நிலையத்தில் ரயில் மாறிக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு "பீப் பீப் பீப்" என்று சத்தம் கேட்டது, அந்த நொடியில் பார்வை அணைந்தது, திரும்ப வரவே இல்லை. இது ஒரு கருவியின் கோளாறு. பெரிய கோளாறு பிறகு வந்தது. 2020 மார்ச்சில் பணம் தீர்ந்து கம்பெனி பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. 2022ல் வேறொரு மருந்துக் கம்பெனியோடு இணைந்தது. பொருத்திக்கொண்டவர்களில் பலருக்கு விஷயமே நேராகச் சொல்லப்படவில்லை. பெட்டி கெட்டால் பழுது பார்க்க ஆள் இல்லை. கண்ணுக்குள் இருப்பதை எடுப்பதற்கும் ஒரு ஆபரேஷன், அதற்கும் ஒரு பில்.

இந்தத் துறையில் ஒரு மில்லிவாட்டை மிச்சம் பிடிக்க எத்தனை பேர் எத்தனை வருடம் உழைக்கிறார்கள் என்று பார்த்தோம். நோயாளியின் ஆயுள் வரைக்கும் உதிரிபாகத்துக்கு ஒரு நிதி ஒதுக்கி வைக்க வேண்டும் என்று அதே கண்டிப்போடு யாரும் கணக்குப் போடுவதாகத் தெரியவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை வருங்கால க்ளெய்முக்காக ரிசர்வ் வைக்கச் சொல்லிச் சட்டம் இருக்கிறது. தலைக்குள் பொருள் வைத்து விற்பவர்களுக்கு ஏன் இல்லை? சிப் வடிவமைக்கத் தெரியாதவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

கிளஸ்டர் தலைவலி என்று ஒன்று உண்டு. மனிதன் அனுபவிக்கும் வலிகளிலேயே மோசமான வகையில் வைத்துப் பேசுவார்கள். அதற்காக ஆட்டோனமிக் டெக்னாலஜீஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி கன்னத்து எலும்புக்குப் பின்னால் இருக்கும் நரம்பு முடிச்சைத் தூண்டும் கருவி ஒன்றைச் செய்தது. உள்ளே பேட்டரி கிடையாது. வலி ஆரம்பித்ததும் ஒரு ரிமோட்டைக் கன்னத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும், அதுதான் கரண்டு கொடுக்கும். சிக்கனத்தின் உச்சம் என்று சொல்லலாம். 2019ல் கம்பெனி மூடப்பட்டது. உள்ளே இருக்கும் கருவிக்குக் கெட்டுப்போக பேட்டரி இல்லை, அது நன்றாகவே இருக்கிறது. ரிமோட்டுக்குத்தான் வயதாகிறது.

ஜெர்மனியில் அந்தக் கருவியை வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் எலக்ட்ரிகல் இன்ஜினியர். 2022ல் நேச்சர் பத்திரிகை அவரைப் பற்றி எழுதியது. கம்பெனி போன பிறகு தன் படிப்பை வைத்துத் தானே பழுது பார்த்து அதை ஓட்டிக்கொண்டிருந்தார். அதே கருவியை வைத்திருக்கும் மற்றவர்கள் எல்லாரும் எலக்ட்ரிகல் இன்ஜினியர்கள் இல்லை.